பூச்சி மருந்து ஊற்றும் முன்: பினாங்கில் புதிதாக ஆடு வளர்ப்பவர்களுக்கு

நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தில் 6 ஆடுகளோடு தொடங்கினேன். மாதம் தவறாமல் பூச்சி மருந்து ஊற்றினேன். ஒரே மருந்து, எல்லா ஆட்டுக்கும் ஒரே அளவு. அந்த வருடம் அக்டோபர் மழையில் பத்து நாளுக்குள் 2 ஆடுகள் செத்தன. இரண்டுமே முதல் நாள் மாலை வரை தழை தின்றவை. கழிச்சல் இல்லை, காய்ச்சலும் இல்லை. இரண்டாவது ஆட்டை அறுத்துப் பார்த்த டாக்டர் நான்காவது வயிற்றைத் திறந்து என்னைக் கிட்டே கூப்பிட்டார். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் போல நூற்றுக்கணக்கான புழுக்கள் உள்ளே நெளிந்தன. "மாசாமாசம் மருந்து கொடுத்தேனே டாக்டர்" என்றேன். "கொடுத்தீங்க சரி. அது வேலை செஞ்சதான்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பது என்றே தெரியாது. புதிதாக ஐந்து பத்து ஆடு வாங்கி, வேலை முடிந்து வந்து தழை வெட்டிப் போடும் நம் ஆட்கள் பலருக்கும் இது தெரிவதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: வயிற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

தீபாவளிக்கு முதல் நாள் வீட்டில் ஆட்டுக்குடல் கழுவியிருக்கிறீர்களா? அப்படியானால் ஆட்டின் உடற்கூறு உங்களுக்குப் பாதி தெரியும். துவாலை போல மொசமொசவென்று இருக்கிறதே, அதுதான் முதல் வயிறு. வளர்ந்த ஆட்டில் இடப்பக்கம் முழுவதையும் அதுதான் நிறைத்திருக்கும். விலா எலும்புக்குப் பின்னால் இடது பக்கக் குழியில் கையை அழுத்தி வைத்தால் அது புரளுவது தெரியும். தின்ற தழை அங்கே நுண்ணுயிர்களால் நொதித்து, திரும்ப வாய்க்கு வந்து அசை போடப்படுகிறது. தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருப்பது இரண்டாவது. புத்தகத் தாள் போல மடிப்பு மடிப்பாக இருப்பது மூன்றாவது.

நான்காவது வழுவழுப்பானது, மெல்லிய மடிப்புகள் உள்ளது. வயிற்றின் அடிப்பகுதியில் வலப்பக்கமாக இருக்கும். நம் இரைப்பை போல அமிலம் சுரப்பது இது ஒன்றுதான். என் ஆடுகளைக் கொன்ற புழு குடியிருப்பது இங்கேதான். அதன் பெயர் ஹேமாங்கஸ் கன்டார்ட்டஸ். பெண் புழு 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை முறுக்கிக்கொண்டிருப்பதால்தான் அந்த இரட்டை நிறம். ஆண் புழு அதைவிடச் சின்னது, ஒரே சிவப்பு.

ஒரு புழு ஒரு நாளில் ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தைக் குடிக்கும். ஒரு துளி மாதிரிதான் தோன்றும். ஆனால் 1,000 புழு இருந்தால் தினமும் 50 மில்லிலிட்டர். 25 கிலோ ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஒன்றே முக்கால் லிட்டர்தான். கணக்குப் போட்டால் என் ஆடுகள் ஏன் திடீரென்று விழுந்தன என்பது புரியும். அது திடீரென்று நடந்ததும் அல்ல. மூன்று நான்கு வாரமாக நடந்துகொண்டிருந்ததை நான் பார்க்கத் தவறியிருந்தேன்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வயிற்றில் பூச்சி என்றால் கழிச்சல் வரும் என்று காத்திருப்போம். இந்தப் புழு பெரும்பாலும் கழிச்சலைத் தராது. புழுக்கை உருண்டையாகத்தான் விழும். இரத்தம் மட்டும் குறைந்துகொண்டே போகும். பின்னால் நடக்கும் ஆடு, ஏறும்போது மூச்சு வாங்கும் ஆடு, மாலையில் தாடைக்கு அடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கும் ஆடு, இவைதான் அறிகுறி. தாடை வீங்கிவிட்டால் மிகத் தாமதம் என்று அர்த்தம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

இரண்டாம் படி: புழு வரும் வழி

ஒரு பெண் புழு ஒரு நாளில் 5,000 முட்டைக்கு மேல் இடும். முட்டை புழுக்கையோடு தரையில் விழுகிறது. நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஒரு வாரத்துக்குள் அது பொரித்து, இரண்டு முறை தோலுரித்து, ஆட்டுக்குத் தொற்றக்கூடிய இளம்புழுவாகிவிடும். பனியோ மழையோ புல்லில் நிற்கும்போது அந்த ஈரப் படலத்தில் ஏறி, புல்லின் அடிப்பக்கத்தில் சில அங்குல உயரத்தில் காத்திருக்கும். ஆடு புல்லோடு அதையும் விழுங்கினால் மூன்று வாரத்தில் அது முட்டையிடத் தொடங்கிவிடும்.

குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்து இந்தச் சுழற்சியை நிறுத்தி வைக்கும். பினாங்கில் அப்படி ஒன்று கிடையாது. செப்டம்பர், அக்டோபரில் மழை உச்சம், ஜனவரியை ஒட்டிக் கொஞ்சம் வறட்சி. அவ்வளவுதான் இடைவெளி. ஆனால் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. அந்த இளம்புழுவால் எதையும் தின்ன முடியாது. உடம்பில் சேர்த்து வைத்ததை எரித்துத்தான் உயிர் வாழும். வெப்பம் கூடக் கூட அது சீக்கிரம் தீரும். அதனால் நம் மண்ணில் ஐந்து ஆறு வாரம் ஆடு படாத புல்லில் பெரும்பாலான இளம்புழுக்கள் செத்துவிடும். மேய்ச்சலைப் பற்றிப் பின்னால் சொல்லும்போது இது உதவும்.

மூன்றாம் படி: கீழ் இமையைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். செலவே இல்லை.

தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஓர் அட்டை உருவாக்கினார்கள். பெயர் ஃபமாச்சா. அந்த யோசனையைத் தந்த கால்நடை மருத்துவர் ஃபஃபா மலன் என்பவரின் பெயரும் அட்டை என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து வந்த பெயர். அட்டையில் 5 நிறங்கள். 1 என்றால் நல்ல சிவப்பு. 2 சற்று வெளிறிய சிவப்பு. 3 இளஞ்சிவப்பு. 4 வெளிறிய ரோஜா. 5 வெள்ளை.

ஆட்டை வெயில் வெளிச்சத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். மேல் இமையைப் பெருவிரலால் மூடி, கண்ணை இலேசாக உள்ளே அழுத்துங்கள். மற்றக் கைப் பெருவிரலால் கீழ் இமையை இழுங்கள். உள்பக்கத் தோல் வெளியே எழும்பி வரும். அதன் நடுப்பகுதியின் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள். நினைவிலிருந்து பார்க்காதீர்கள், நம் கண் தினமும் பார்க்கும் வெளிறலுக்குப் பழகிவிடும். இரண்டு கண்ணும் வேறு வேறாகத் தெரிந்தால் வெளிறியதைக் கணக்கில் எடுங்கள். நிறைய நேரம் இழுத்துப் பிடித்தால் தோல் சிவந்து பொய் சொல்லும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும், அடைமழையில் வாரம் ஒரு முறை.

4, 5 என்றால் மருந்து. 3 என்றால், குட்டி, சினை ஆடு, பால் கொடுக்கும் ஆடு, மெலிந்த ஆடு இவற்றுக்கு மருந்து. 1, 2 என்றால் விட்டுவிடுங்கள்.

"விட்டுவிடுவதா?" என்று எங்கள் வரிசையிலேயே இருக்கும் பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். ஒரு மந்தையில் நூற்றுக்கு 20, 30 ஆடுகளின் வயிற்றில்தான் பெரும்பாலான புழுக்கள் இருக்கும். மற்றவை ஓரளவு தாங்கிக்கொள்ளும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றினால், அந்த மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் பிழைத்து, அவற்றின் முட்டை மட்டுமே மண்ணில் விழும். சில ஆடுகளை விட்டுவைத்தால் மருந்துக்குச் சாகக்கூடிய புழுக்களும் மண்ணில் கலந்திருக்கும். அவை இருக்கும்வரைதான் மருந்துக்கு மதிப்பு. பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "அப்படின்னா நான் முப்பது வருசமா மருந்தைக் கெடுத்துட்டு இருந்திருக்கேனா தம்பி" என்றார். நான் கெடுத்தது ஒரே வருடத்தில்.

இமை வெளிறுவதற்கு ஈரலில் இருக்கும் தட்டைப்புழு, தீவனக் குறை, வேறு இரத்த நோய்கள் என்று மற்றக் காரணங்களும் உண்டு. மருந்து கொடுத்தும் நிறம் ஏறவில்லை என்றால் அதையே திரும்ப ஊற்றாதீர்கள்.

நான்காம் படி: புழுக்கையைச் சோதியுங்கள்

இமை இரத்தத்தைக் காட்டும், புழுக்கை முட்டையைக் காட்டும். இரண்டும் தேவை.

கையுறை போட்டு, ஆட்டின் ஆசனவாயிலிருந்தே ஐந்தாறு புழுக்கைகளை எடுங்கள். தரையில் கிடப்பது வேண்டாம். சிறிய பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, ஆட்டின் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். ஐஸ் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். வெளியே வைத்தால் ஒரே நாளில் முட்டை பொரித்துவிடும், எண்ண ஒன்றும் இருக்காது. கால்நடைச் சேவைத் துறையின் வட்டார ஆய்வுக்கூடம் நம் மாநிலத்திலேயே, புக்கிட் தெங்காவில் இருக்கிறது. கொண்டு போவதற்கு முன் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள், எந்தப் படிவம், எந்த நாள் என்று அவர்களே சொல்வார்கள்.

அங்கே செய்வது எளிமையான வேலைதான். 2 கிராம் புழுக்கையை 28 மில்லிலிட்டர் கெட்டியான உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டுவார்கள். முட்டை உப்பு நீரில் மிதக்கும். கோடு போட்ட கண்ணாடி அறைகள் இரண்டில் அதை விட்டு, நுண்ணோக்கியில் எண்ணி, 50-ஆல் பெருக்குவார்கள். ஒரு கிராமுக்கு இத்தனை முட்டை என்று கிடைக்கும். 1,000-ஐத் தாண்டினால் டாக்டர்கள் பொதுவாக மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள், ஆனால் இமையையும் உடம்பையும் சேர்த்தே முடிவு செய்வார்கள். இன்னும் முட்டையிடாத வயதுப் புழுவும் இரத்தம் குடிக்கும் என்பதால், எண்ணிக்கை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக வெளிறிய ஆட்டை விட்டுவிடக்கூடாது.

ஐந்தாம் படி: மருந்து

கடையில் பத்துப் பெயர் இருக்கும். பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன மருந்து என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் மூன்று குடும்பங்கள்தான். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் ஒரு குடும்பம், புழுவின் உயிரணுக்களின் உள்கட்டமைப்பைக் குலைக்கும். லெவாமிசோல் இன்னொன்று, புழுவின் தசையை இறுக்கி முடக்கும். ஐவர்மெக்டின் மூன்றாவது, நரம்பை அணைத்துத் தளர வைக்கும். அல்பெண்டசோலிலிருந்து ஃபென்பெண்டசோலுக்கு மாறினேன் என்பவர் மருந்தை மாற்றவில்லை, புட்டியை மாற்றியிருக்கிறார். பின்னால் நான் மாற்றியதும் அப்படித்தான்.

ஐவர்மெக்டினைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் எடுத்த மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது அது. அதைக் கண்டெடுத்த சத்தோஷி ஓமுராவுக்கும், மருந்தாக்க வழி காட்டிய வில்லியம் கேம்பலுக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படிப்பட்ட மருந்தும் நம் ஆட்டுப் பண்ணைகள் பலவற்றில் வலுவிழந்து நிற்கிறது. ஈப்போவில் இருக்கும் கால்நடை ஆய்வுக் கழகத்தில் இருந்த டாக்டர் சந்திரவதனியும் அவரோடு பணியாற்றியவர்களும் மலேசிய ஆட்டுப் பண்ணைகளில் பூச்சி மருந்து வேலை செய்யாமல் போவதை 1990-களிலிருந்தே ஆய்வுக் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார்கள். நம் கொட்டகைகளுக்குத்தான் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

அளவு. வெள்ளாட்டின் ஈரல் மருந்தைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். புட்டியில் செம்மறிக்குப் போட்டிருக்கும் அளவு பல மருந்துகளில் வெள்ளாட்டுக்குப் போதாது. லெவாமிசோலை எடுத்துக்கொண்டால், செம்மறிக்குக் கிலோவுக்கு 8 மில்லிகிராம், வெள்ளாட்டுக்கு 12. ஆனால் அதே மருந்து கொஞ்சம் கூடினாலும் நஞ்சாகும், ஆகவே எதையும் நீங்களாக இரட்டிப்பாக்காதீர்கள், டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். 30 கிலோ ஆட்டுக்கு 360 மில்லிகிராம் வேண்டும். புட்டியில் 1 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் என்றிருந்தால் 12 மில்லிலிட்டர். அதே ஆட்டைக் கண்ணால் பார்த்து 20 கிலோ என்று நினைத்தால் 8 மில்லிலிட்டர்தான் ஊற்றுவீர்கள். மூன்றில் ஒரு பங்கு குறைவு. பலவீனமான புழு சாகும், பலமானது பிழைக்கும். எடை பாருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளலாம். பெரிய ஆட்டுக்கு மார்புச் சுற்றளவு நாடா இருக்கிறது.

ஊற்றும் முறை. ஆட்டுக்கு முன் பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லில்லாத இடைவெளி உண்டு. வாயோரத்தில் அந்த வழியாகக் குழாயை விட்டு, நாக்கின் பின்பகுதிக்கு மேலே மெதுவாக ஊற்றுங்கள். நாக்கின் நுனியில் ஊற்றினால், குட்டியில் பாலை நேராக நான்காவது வயிற்றுக்குக் கொண்டுபோகும் வாய்க்கால் போன்ற மடிப்பு மூடிக்கொள்ளலாம். அப்போது மருந்து முதல் வயிற்றில் தங்காமல் ஓடிவிடும். முதல் வயிற்றில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால்தான் அது நீண்ட நேரம் புழுவைப் பிடிக்கும். தலையை அண்ணாந்து தூக்காதீர்கள், மூக்கு கண்ணுக்கு மேலே போகக்கூடாது. மூச்சுக்குழாயின் வாய் உணவுக்குழாய்க்கு முன்னாலேயே இருக்கிறது. அண்ணாந்த ஆடு மருந்தை நுரையீரலுக்கு இழுத்துவிடும். இருமினால் உடனே நிறுத்துங்கள். கடைவாய்ப் பல் கத்தி மாதிரி இருக்கும், விரலை உள்ளே விடாதீர்கள்.

மாட்டு முதுகில் ஊற்றும் மருந்தை ஆட்டின் முதுகில் ஊற்றாதீர்கள். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் வேண்டாம், கருவைப் பாதிக்கும். பால், இறைச்சி விற்பவர்கள் எத்தனை நாள் நிறுத்தி வைக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தீபாவளிக்குக் கிடா விற்பவர்கள் மறக்கவே கூடாது.

"பாக்கை இடித்துக் கொடு" என்று எங்கள் பெரியவர் சொன்னதுண்டு. பினாங்கு என்ற பெயரே மலாயில் பாக்கு. பாக்கில் உள்ள அரிகோலின் நாடாப்புழுவை மயக்கும் என்பது உண்மை, ஒரு காலத்தில் நாய்களுக்கு அதையே மருந்தாகக் கொடுத்தார்கள். ஆனால் நாம் பேசுவது நாடாப்புழு அல்ல. பாக்கின் நஞ்சுக்கும் மருந்துக்கும் இடையே உள்ள தூரமும் குறைவு. அதை நம்பி வெளிறிய ஆட்டை வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். தாமிரத் துகள் மாத்திரை இந்தப் புழுவைக் குறைக்கும் என்று படித்துவிட்டு வாங்குபவர்களுக்கும் ஒன்று. செம்பனைப் பிண்ணாக்கில் ஏற்கெனவே தாமிரம் அதிகம். அதைத் தீவனமாகக் கொடுத்துக்கொண்டே தாமிரமும் கொடுத்தால் ஈரல் கெடும், செம்மறி சீக்கிரம் சாகும்.

ஆறாம் படி: வேலை செய்ததா?

டாக்டர் என்னைக் கேட்ட கேள்வி. மருந்து கொடுத்த அன்று ஒரு சோதனை, 10 முதல் 14 நாள் கழித்து அதே ஆடுகளில் இன்னொன்று. முட்டை 95 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். 2,000 இருந்தது 100-க்குக் கீழே வந்தால் மருந்து வேலை செய்கிறது. 800-இல் நின்றால், அளவு சரியாகக் கொடுத்திருக்கும் பட்சத்தில், உங்கள் நிலத்துப் புழு அந்தக் குடும்பத்துக்குப் பழகிவிட்டது. அதற்கப்புறம் அந்தக் குடும்ப மருந்தை வாங்குவது காசுக்குக் கேடு. என் நிலத்தில் அல்பெண்டசோல் குடும்பத்துக்குக் கிடைத்த பதில் அதுதான்.

மேய்ச்சலும் புது ஆடும்

தரையிலிருந்து உயர்த்திய பரண் கொட்டகை, வெட்டிப் போடும் நேப்பியர் புல், இரண்டும் இருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. புழுக்கை கீழே விழும், வாய் மேலே இருக்கும். புல்லை முழங்கால் உயரத்துக்கு மேல் வெட்டுங்கள். மேய விடுபவர்கள் பனி காய்ந்த பிறகு, பத்து மணி வாக்கில் விடுங்கள். நிலம் இருந்தால் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் மூன்று நான்கு நாளுக்கு மேல் விடாமல், ஐந்து ஆறு வாரத்துக்குப் பிறகே அங்கே திரும்புங்கள். பசிபிக் தீவுகளில் 10 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் என்று ஆடுகளைச் சுற்ற விட்டுப் பார்த்திருக்கிறார்கள். மேலே சொன்ன இளம்புழுவின் ஆயுளை வைத்துப் போட்ட கணக்கு அது.

வெளியிலிருந்து வாங்கும் ஆடு, விற்றவரின் நிலத்துப் புழுவையும் கொண்டு வருகிறது. இரண்டு வாரம் பரணில் தனியாக வையுங்கள். டாக்டர் சொல்லும் இரண்டு குடும்ப மருந்துகளைக் கொடுத்து, புழுக்கை சுத்தம் என்று தெரிந்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.

குட்டிகள் நான்கு முதல் எட்டு வார வயதில் கழிச்சல் கண்டால் அது பெரும்பாலும் புழு அல்ல, காக்சிடியா என்னும் ஒற்றையணு உயிரி. பூச்சி மருந்து அதை ஒன்றும் செய்யாது, வேறு மருந்து வேண்டும்.

செத்த ஆட்டை நீங்களாகத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். நம் மண்ணில் மெலியோய்டோசிஸ் என்னும் நோயைத் தரும் கிருமி உண்டு, ஆட்டிடமும் வரும், மனிதரையும் கொல்லும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அபாயம் அதிகம், நம் வீடுகளில் அது இல்லாத வீடு ஏது. கையுறை, முகக்கவசத்தோடு டாக்டர் திறக்கட்டும், நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். ஈரலிலோ நுரையீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி தெரிந்தால் அதோடு மூடிவிடுவார்கள்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஆட்டின் எண், தேதி, இமை எண், எடை, கொடுத்த மருந்து. ஒரு வருடத்தில் சில எண்கள் திரும்பத் திரும்ப வரும். அவை குட்டி போட்டு வளர்ப்பதற்கு உரியவை அல்ல, ஏனென்றால் புழுவைத் தாங்கும் குணம் ஓரளவு பரம்பரையாக வருவது. என்னிடம் கறுப்பி என்று, கச்சாங் என்னும் உள்ளூர் இனத்தின் கலப்பு ஆடு ஒன்று இருக்கிறது. உருவம் சின்னது, சந்தையில் விலை போகாது. மூன்று மழைக்காலத்தில் அதன் இமை ஒரே ஒரு முறைதான் 3-க்கு வந்தது, அதுவும் இரட்டைக் குட்டி ஈன்ற மாதத்தில். அதன் பெட்டைக் குட்டிகள் இரண்டையும் விற்காமல் வைத்திருக்கிறேன்.